நாலு மொழியில் பேசத் தெரியாதவள்

சம்பந்தியம்மாள் அழுதுவிட்டாள் என்று மகன் தொலைபேசியில் சொன்னபோது தையல்காரி ஒரு கால்சட்டையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைக் கடையின் பின்பக்கத்தில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளுக்கும் மின்சார மீட்டருக்கும் நடுவே அவளுடைய தையல் எந்திரம் இருந்தது. கடைக்கு வருகிறவர்களின் கால்கள் எல்லாம், கால்சட்டை தைத்தவன் நினைத்ததைவிடக் குட்டையாகவே இருந்ததால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

"ஏன்டா அழுதாங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துதாம்மா."

"என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? உங்கப்பா முப்பது வருஷமாப் பாக்கறாரு, ஒரு நாள் அழுததில்லை."

"விளையாடாதம்மா. கல்யாணத்தன்னிக்கு போன்ல எல்லாரையும் காட்டினேன்ல. நீ சிரிக்கவே இல்ல. பொண்ணு முகத்தை நிமிந்துகூடப் பாக்கல. கீழயே பாத்துக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, தலையை வேற ஆட்டினே. உனக்கு அவங்க பொண்ணைப் பிடிக்கலைன்னு முடிவே கட்டிட்டாங்க."

தையல்காரிக்கு அந்தக் காட்சி நன்றாக நினைவிருந்தது. வெளிநாட்டில், ஏதோ அலுவலகத்தில், மகன் பக்கத்தில் அந்தப் பெண் வெள்ளை உடையில் நின்றாள். தரை வரைக்கும் நீண்ட உடை. இடது பக்கம் அதன் அடிமடிப்பு ஒரு விரலளவு மேலே ஏறியிருந்தது. அதற்கப்புறம் தையல்காரிக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"நான் மடிப்பைத்தான்டா பாத்தேன். ஒரு பக்கமா ஏறியிருந்துச்சு. யாரோ அவசரத்துல தைச்சிருக்காங்க."

மகன் அவசரமாகக் குறுக்கே விழுந்தான்.

"அதை மட்டும் வெளிய சொல்லிடாதம்மா. அதைத் தைச்சதே அவங்கதான்."

"ஐயோ. நீ சொல்ல வேண்டியதுதானே, எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு."

"சொல்லாமலா இருப்பேன். 'நீ மகன், உங்கம்மாவை விட்டுக்கொடுத்தா பேசுவே?'ன்னு கேக்கறாங்க. உன் வாயால வரணுமாம். மழைக்காலம் முடிஞ்சதும் மூணு பேரும் அங்க வரோம், ஒரு வாரம் இருப்போம். ஒரே ஒரு வாக்கியம்மா. 'உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு.' அவங்க பாஷைல, போர்ச்சுகீஸ்ல. இப்பவே சொல்லித் தரட்டுமா?"

அவள் அப்போதே சரி என்றிருக்கலாம். சொல்லியிருந்தால் கால்சட்டையை மறுபடி கையில் எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவள் சொன்னது இது:

"வேணாம்டா. போன்ல கத்துக்கிட்டா அரைகுறையாத்தான் வரும். நான் முறைப்படி கத்துக்கறேன்."

முறைப்படி என்ற சொல்லில் அவளுக்கு ஒரு மயக்கம் உண்டு. நீச்சலை முறைப்படி கற்கப் போய் மூச்சுப் பயிற்சியோடு நின்றவள் அவள். இன்றைக்கும் கட்டிலில் உட்கார்ந்தபடி பிரமாதமாக மூச்சுப் பிடிப்பாள். சைக்கிளை முறைப்படி கற்கத் தொடங்கி, அதன் பாகங்கள் அத்தனையின் பெயரையும் ஒப்பிப்பாள். ஏறி உட்கார்ந்தது மட்டும் கிடையாது.

பன்மொழிக் கல்வி நிலையம் அவள் கணவர் கண்டக்டராகப் போகிற பஸ் தடத்தில்தான் இருந்தது. நாலு மாடிக் கட்டடம். வரவேற்பறையில் உலகத் தலைநகரங்களின் நேரம் காட்டும் கடிகாரங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாத் தலைநகரங்களும் வேறு வேறு நேரத்தில் நின்றுபோயிருந்தன. சுவரில் பெரிய எழுத்தில் "இலக்கு வைத்தாய், பாதி பேசினாய்" என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கழுத்துப்பட்டி இறுக்கிய இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இலக்கு அதிகாரி என்று மேசையில் பலகை.

"எத்தனை மொழிம்மா?"

"ஒண்ணுதாங்க. ஒண்ணுகூட இல்ல, அதுல ஒரு வாக்கியம்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். துணிக்கடைக்கு வந்து, ஒரு கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வாக்கியமா நாங்க தர்றதில்லைங்கம்மா. குறைஞ்சது நாலு மொழி."

"நாலு எதுக்குங்க? எனக்கு சம்பந்தி ஒருத்தங்கதானே."

"ஒரே மொழி வச்சவங்க, அது வரலைன்னா உடனே கண்டுபிடிச்சிடறாங்க. மனசு உடைஞ்சு போறாங்க. நாலு வச்சவங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. போர்ச்சுகீஸ் வரலையேன்னு நினைக்கறப்பவே ஜப்பான் மொழி ஞாபகம் வந்துடும். அதுவும் வரலையேன்னு கவலைப்படறதுக்குள்ள ருஷ்ய மொழி. அப்புறம் அரபி. இங்கேருந்து யாருமே வருத்தத்தோட வீட்டுக்குப் போனதில்லைங்கம்மா."

"பேசிக்கிட்டுப் போயிருக்காங்களா?"

"எதை?"

"மொழியைத்தாங்க."

"அது அடுத்த கட்டம்," என்றார் அதிகாரி. "முதல்ல இலக்கு. இலக்கு பழுத்தப்புறம்தான் வகுப்பு. சரி, நாலு மொழியும் எந்தத் தேதிக்குள்ள?"

"வெள்ளிக்கிழமை," என்றாள் தையல்காரி.

யோசித்துச் சொல்லவில்லை. இருபது வருடமாக, எந்தத் துணியை யார் நீட்டினாலும் அவள் வாயில் வருவது வெள்ளிக்கிழமைதான். கல்யாணக் கோட்டானாலும் சரி, தலையணை உறையானாலும் சரி. துணியைப் பார்க்கும் முன்பே வந்துவிடும்.

அதிகாரி மெல்ல எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

அதிகாரி உள்ளே ஓடி இயக்குநரையே அழைத்துவந்தார். இயக்குநர் வெள்ளைத் தலைமுடியும் நீளமான விரல்களும் கொண்டவர். எங்கோ தூரத்தில் இருக்கிற ஒன்றைப் பார்த்தபடியே பேசுவார்.

"சார், நாலு மொழி, வெள்ளிக்கிழமைங்கறாங்க. கண்ணு இமைக்கல. குரல் நடுங்கல. நானே நம்பிட்டேன்."

இயக்குநர் தையல்காரியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "இதுக்கு முன்னால எங்கேயாவது பயிற்சி எடுத்தீங்களா?"

"ஆல்டரேஷன் வேலைங்க."

"பிறவியிலேயே வரணும் இதெல்லாம்," என்று அதிகாரியிடம் சொன்னார் இயக்குநர்.

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. படிப்பில் அவளை ஒருவர் புகழ்ந்து அதுவரை அவள் கேட்டதில்லை. சம்பந்தியம்மாள் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். ஜப்பானியர்களும் ருஷ்யர்களும் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு மொழியில் ஒன்றும் வரவில்லை. கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களுக்குப் பயப்படுவது போலப் பயந்துகொண்டே போனாள்.

"தவறிடுச்சுங்களே."

"நல்லது," என்று அதிகாரி கைகொடுத்தார். "தவறாத இலக்குக்கு வளர்ச்சி கிடையாது. இனிமே இது மூணு மாச இலக்கு. அதுவும் தவறினா ஒரு வருஷம். அப்புறம் மூணு வருஷம். மூணு வருஷ இலக்கு வச்சிருக்கவங்க இந்தக் கட்டடத்துலயே ரெண்டு பேர்தான். ஒருத்தர் இயக்குநர்."

பயிற்சி மாலையில் நடந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலருகே போய் நிற்க வேண்டும். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து, இலக்கைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். மூச்சில் தையல்காரியை மிஞ்ச ஆளில்லை. நீச்சல் வீண்போகவில்லை என்று அவளுக்கே பெருமை.

மருந்துக் கடைக்காரர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். சாதுவான மனிதர். ஜன்னலில் நின்றதும் குரல் கம்மிவிடும். "ஜப்பான் மொழியை... முடிஞ்சா... பாக்கலாம்னு..." என்று இழுப்பார். அதிகாரி அவரைத் தையல்காரியிடம் ஒப்படைத்தார்.

"அண்ணே, 'பாக்கலாம்'னு சொல்லவே கூடாது," என்று அவள் கற்றுக்கொடுத்தாள். "ஆளைக் கண்ணுக்கு நேரா பாருங்க. 'பாதி முடிஞ்சிடுச்சு, பட்டன் மட்டும்தான் பாக்கி'ங்கற மாதிரி சொல்லுங்க."

"பாதி முடியலையேம்மா."

"எனக்கு மட்டும் முடிஞ்சுதாண்ணே? நம்ம குரல்ல முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

வீட்டில் கண்டக்டர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி கேட்பார்.

"என்ன, இப்ப எத்தனை மொழியில பேசத் தெரியாது?"

"நாலு."

"போன மாசம் ஒண்ணுதானே தெரியாம இருந்துச்சு. பரவாயில்ல, வேகமாத்தான் போறே."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு மூணு மாச இலக்கு குடுத்திருக்காங்க."

"அந்த ஒரு வாக்கியம் என்னாச்சு?"

"அது போர்ச்சுகீஸ் இலக்கோட உள்பகுதியில வருது."

"உள்பகுதி போய்ச் சேர்றதுக்குள்ள சம்பந்தி வந்து இறங்கிடப் போறாங்க. உன் மூஞ்சியப் பாத்து மறுபடி அழப் போறாங்க. பையன் நடுவுல கிடந்து தவிக்கப் போறான்."

அந்தப் பேச்சு அவளைக் குத்தியது. மறுநாள் பயிற்சிக்கு முன்பே போய், கட்டடத்தின் பின்பக்கத்தில் போர்ச்சுகீஸ் வகுப்பறையைத் தேடிப் பிடித்தாள். உள்ளே பெஞ்சுகள் சுத்தமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. ஆசிரியர் தன் குடையைப் பிரித்துப்போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்.

"கழிப்பறை எதிர்ப்பக்கம்மா," என்றார் நிமிராமலே.

"படிக்க வந்தேங்க."

ஆசிரியர் குடையைக் கீழே வைத்தார். அவசர அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "படிக்கவா? இங்கயா? இலக்கு பழுத்துடுச்சா உங்களுக்கு?"

"இன்னும் இல்லைங்க. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிக் கொடுத்தீங்கன்னா..."

"அதான பாத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து ஒருத்தரும் பழுத்து வரலம்மா." அவர் மறுபடி உட்கார்ந்தார். "எந்த வாக்கியம்?"

"உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு."

ஆசிரியர் கூரையைப் பார்த்தார். உதட்டை அசைத்தார். விரல் விட்டு எதையோ எண்ணினார். "'மேசையின் மேல் பேனா இருக்கிறது' வேணும்னா வரும். அது முதல் பாடம். பிடிக்கிறது பன்னிரண்டாம் பாடம்னு நினைக்கறேன். பேசி ரொம்ப நாளாச்சும்மா."

"அப்ப இங்க என்னதாங்க பண்றீங்க?"

"எனக்கும் இலக்கு குடுத்திருக்காங்கல்ல. யாருக்காவது சொல்லிக் கொடுக்கணும்னு. போன வருஷம் அதை மூணு வருஷமா உயர்த்தினாங்க." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க நின்னு பேசாதீங்க. பழுக்கறதுக்கு முன்னால சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேருமே மாட்டிப்போம். மருந்துக் கடைக்காரர் விஷயம் தெரியும்ல?"

தெரியாது. அன்று மாலைதான் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் யாரோ ஒருவருக்கு ஜப்பான் மொழியில் காலை வணக்கம் சொல்லிவிட்டாராம். அதை அதிகாரியே காதால் கேட்டாராம். பயிற்சி ரத்தாகி, விசாரணை நடந்தது.

"தெரியாம வந்துடுச்சுங்க," என்று மருந்துக் கடைக்காரர் கையைப் பிசைந்தார். "கடைக்கு ஒரு ஜப்பான்காரர் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். தினமும் வருவார். அவர் சொன்னதை நானும் திருப்பிச் சொன்னேன். அப்படியே ஒட்டிக்கிச்சு."

"அவருக்குப் புரிஞ்சுதா?" என்று இயக்குநர் கேட்டார்.

"புரிஞ்சுதுங்க. சிரிச்சார்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. இயக்குநர் ஜன்னலுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி பேசினார்.

"நண்பர்களே. இலக்கு என்பது நாம் போய்க்கொண்டிருக்கும் இடம். போய்ச் சேர்ந்துவிட்டால் அது வெறும் இடம். பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளி இருந்தது. சேர்ந்தவர்களுக்கெல்லாம் மொழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? கற்றுக்கொண்டவன் போய்விட்டான். வந்தவனெல்லாம் போனான். இன்று அங்கே சலவைக் கடை இருக்கிறது. நம்மை விட்டு யாராவது போயிருக்கிறார்களா? நம் முதல் மாணவர் இன்றும் நம்மோடுதான் இருக்கிறார். அந்த முதல் மாணவன் நான்தான். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. என் இலக்கில் ஒரு கீறல் கிடையாது."

கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. சிறந்த மாணவி என்ற முறையில் தையல்காரியையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அண்ணன் நல்லவர்தாங்க. கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்," என்று அவள் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், வருத்தம் தோய்ந்த முகத்தோடு தலையை வேறு ஆட்டினாள். பிற்பாடு இதை நினைத்தபோதெல்லாம், யாரும் இல்லாத இடத்தில்கூட முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

காலை வணக்கத்தை மறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறந்துவிட்டதைச் சாட்சிகள் முன்னால் நிரூபிக்க வேண்டும்.

"மறக்கணும்னு நினைச்சாலே முதல்ல அதான்மா ஞாபகம் வருது," என்று படியிறங்கும்போது மருந்துக் கடைக்காரர் அவளிடம் புலம்பினார். அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஜப்பான்காரரோடு டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கெட்டுப்போய்விட்டார் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

மழைக்காலத்தின் நடுவில் தையல்காரி ஒரு வருட இலக்குக்கு உயர்ந்தாள். மழை ஓய்வதற்குள், ஒரு வருடத்திலும் வராது என்பது இப்போதே உறுதி என்று, இதுவரை யாருக்கும் நடக்காத வேகத்தில், அவளுக்கு மூன்று வருட இலக்கு கிடைத்தது. ஆண்டின் சிறந்த இலக்காளர் என்று கேடயம் தருவதாகவும் முடிவாயிற்று. சம்பந்தி வருகிற சேதி காதில் விழுந்ததும் இயக்குநரின் நீளமான விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.

"கேடயத்தை உங்க வீட்டுலயே வந்து தர்றோம்மா. அவங்க முன்னாலயே உங்க இலக்கை அறிவிச்சிடுங்க. அந்த மொழி பேசறவங்க காதுல நேரடியா ஒரு இலக்கு விழறது நம்ம நிலையத்துக்கே முதல் தடவை."

"வாக்கியம் இன்னும் வரலையேங்க."

"வாக்கியம் எதுக்கு? அதைச் சொல்லப் போறீங்கங்கற சேதி போதாதா? அவங்க ஆடிப் போயிடுவாங்க."

சம்பந்தியம்மாள் நெடுநெடுவென்று உயரமாக, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்டிருந்த சோபாவின் நுனியில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்தாள். தையல்காரி சிரித்தாள். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் கன்னம் வலிக்கும்வரை சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நிறுத்தியதும் சம்பந்தியம்மாளின் பார்வை கீழே போயிற்று.

மருமகளுக்குத் தமிழ் வந்தது. கணவன் தன் தாயோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டுக் கேட்டு வந்த தமிழ். அதனால் அவளுக்கு வேறு மரியாதை தெரியாது.

"அம்மா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று வாசலிலேயே கேட்டாள். கண்டக்டருக்கு வாயெல்லாம் பல்.

தையல்காரி மகனைத் தனியாக இழுத்தாள். "இவளை எந்த நிலையத்துலடா சேர்த்துவிட்டே? எத்தனை வருஷ இலக்கு?"

"என்ன இலக்கு? வீட்ல இருந்தா, வந்துடுச்சு. நீ வாக்கியம் கத்துக்கிட்டியாம்மா? அவங்க வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாங்க."

"சாயங்காலம் பாரு."

சாயங்காலம் இயக்குநரும் இலக்கு அதிகாரியும் கேடயத்தோடு வந்தார்கள். சின்ன முன்னறையில் உட்கார இடமில்லாமல் அதிகாரி அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டார். இயக்குநர் தண்ணீர்த் தொட்டியைத் தேடினார். அங்கே ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. சுவரைப் பார்த்தே கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் தையல்காரி எழுந்தாள். மூச்சை இழுத்தாள். சம்பந்தியம்மாளைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"உங்கள் மகளை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை இன்னும் மூன்று வருடத்துக்குள் உங்களிடம் சொல்லுவேன் என்று உறுதி கூறுகிறேன்."

அதிகாரி கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. சம்பந்தியம்மாள் மகளிடம் ஏதோ கேட்டாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள். சம்பந்தியம்மாள் கைப்பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மெல்லிய குரலில் ஒன்று கேட்டாள்.

"அம்மா," என்றாள் மருமகள். அவள் குரலும் நன்றாக இல்லை. "எங்கம்மா கேக்கறாங்க. அப்ப இன்னும் மூணு வருஷத்துக்கு உனக்கு என்னைப் பிடிக்காதா?"

"பதில் சொல்லாதீங்கம்மா," என்று இயக்குநர் விரலை உயர்த்தினார். "இலக்கு கெட்டுடும்."

தையல்காரி சம்பந்தியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. சொன்ன நாளில் ஆசையாக வந்து, துணியில் இன்னும் கத்தரிக்கோலே படவில்லை என்று தெரிந்துகொண்டு, சரி பரவாயில்லை என்று திரும்பிப் போகிறவர்களின் முகம். கடையில் அந்த முகத்தைப் பார்த்தால் அவள் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள். இங்கே ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

"ஏம்மா, இங்க வா," என்று மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "பிடிச்சிருக்குன்னு உங்க பாஷைல எப்படிச் சொல்றது? சீக்கிரம் சொல்லு."

"நான்தான் அன்னிக்கே போன்ல..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா."

மருமகள் சொன்னாள். தையல்காரி திருப்பிச் சொன்னாள். நாக்கு எங்கெங்கோ போய் முட்டியது.

"இலக்கு மீறல்," என்றார் அதிகாரி. "சார், கண்ணு முன்னாலயே நடக்குது."

"அம்மா, நிறுத்துங்க. இன்னும் வகுப்புகூட ஆரம்பிக்கல," என்றார் இயக்குநர்.

தையல்காரி மறுபடி சொன்னாள். சம்பந்தியம்மாள் புரியாமல் முன்னால் சாய்ந்தாள். மறுபடி சொன்னாள். சம்பந்தியம்மாளின் புருவம் உயர்ந்தது. அவள் தன் உதட்டைக் குவித்து, இப்படி என்று காட்டினாள். தையல்காரியும் குவித்தாள். கண்டக்டரும் மூலையில் நின்றபடி தன்னையறியாமல் குவித்தார். இந்தத் தடவை அது வந்துவிட்டது. கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் ஆள் அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்தது.

சம்பந்தியம்மாள் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"அவங்களுக்கும் உன்னைப் பிடிச்சிருக்காம்," என்று மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "உன் முகம் கொஞ்சம் பயமா இருக்காம். ஆனா பிடிச்சிருக்காம்."

இயக்குநர் கேடயத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவருடைய கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "எப்படிப்பட்ட இலக்கும்மா. ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டீங்களே."

மூன்று மொழி இன்னும் முடியாமல் பத்திரமாக இருப்பதாகத் தையல்காரி அவரைத் தேற்றிப் பார்த்தாள். அவர் தேறவில்லை.

அந்த வாரம் முழுவதும் தையல்காரியின் கையிருப்பில் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தாள். குளிக்க வெந்நீர் தயார் என்பதற்கும் உங்கள் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்பதற்கும் அதுதான். கதவில் விரல் நசுங்கிவிடப் போகிறது என்று பதறியபோதும் அதேதான் வாயில் வந்தது. சம்பந்தியம்மாள் ஒவ்வொன்றுக்கும் சரியாகக் குளிக்கப் போனாள், நகர்ந்தாள், விரலை எடுத்துக்கொண்டாள்.

"மணிக்கு ஒரு தடவை சொல்லாதே," என்றார் கண்டக்டர். "அவங்களுக்கே மறுபடி சந்தேகம் வந்துடும்."

மகனும் மருமகளும் வெளியே சுற்றப் போன பகல்களில், தையல்காரியும் கடைக்குப் போய்விடுவதால், சம்பந்தியம்மாளுக்குப் பொழுது போகவில்லை. கண்டக்டர் அவளைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார். தன் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் போய்ப் போய் வந்தாள். மாலையில் தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, சந்தோஷமாக வீடு திரும்பினாள்.

கிளம்புகிற நாளில் விமான நிலைய பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனார்கள். சாமான்கள் ஏறின. மகனும் மருமகளும் ஏறினார்கள். கடைசியாகச் சம்பந்தியம்மாள் படியில் ஏறித் திரும்பினாள். தையல்காரி கீழே, சற்றுத் தள்ளி, மற்றவர்களுக்கு வழிவிட்டு நின்றிருந்தாள். போய் வாருங்கள் என்று சொல்ல வேண்டிய இடம். அவள் தன்னிடம் இருந்ததைச் சொன்னாள்.

சம்பந்தியம்மாள் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். பதிலுக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவள் போல மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த அத்தனை தமிழையும் சேர்த்து, அன்பு முழுவதையும் அதில் வைத்து, கண்டக்டரின் குரலில் சொன்னாள்:

"முன்னால போங்க. முன்னால போங்க. படியில நிக்காதீங்க. முன்னால போங்க."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை நகர்ந்து நின்றார்கள். கண்டக்டர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், சிரிப்பை மறைக்கவா, வேறு எதையோ மறைக்கவா என்று தெரியவில்லை.

"சரிங்க," என்று தையல்காரி முன்னால் போனாள். முன்னால் சம்பந்தியம்மாள்தான் இருந்தாள்.